எந்தப் பக்கம்

கருமத்தம்பட்டிக் காயலான் கடைத் தராசில்
நாச்சிமுத்துவின் இரண்டு தறிகள்
துண்டு துண்டாய் ஏறிய அன்று
இரும்பு கிலோ இருபத்தெட்டு,
பழைய காகிதம் பன்னிரண்டு.
கடைசியில் ஆறு ரூபாய்ச் சில்லறை இல்லாமல்
கடைக்காரன் அரைக்கிலோ புத்தகம் ஒன்றை
நிறுத்துக் கொடுத்தான்.

அட்டை இல்லை.
முதல் பதினாறு பக்கங்களையும்
கரையான் படித்து முடித்திருந்தது.
எழுதியது யார், எந்த ஊர், தெரியாது.
பதினேழாம் பக்கம் பாதி வாக்கியத்தில் ஆரம்பித்தது:
"ஆகவே, தன் பகலையும் இரவையும் தவிர
விற்பதற்கு அவனிடம் எதுவும் மீதியில்லை."

மீதி ஆறு தறி.
ஓட்டுகிறவள் அம்மிணி. தார் சுற்றுகிறவன் நான்.
பாவும் நூலும் வியாபாரியுடையது.
ஷெட்டு நாச்சிமுத்துவுடையது,
ஷெட்டின் பத்திரம் பேங்க்குடையது.

ராத்திரி கரண்ட் போனால்
தறி நின்ற பிறகும் சத்தம்
காதுக்குள் கொஞ்ச நேரம் ஓடும்.
அது அடங்கியதும்
செல்போன் வெளிச்சத்தில் அவர் படிப்பார்.
உபரி என்ற வார்த்தை வரும்போதெல்லாம்
நிறுத்தி, எச்சில் தொட்டு,
பக்கத்தைத் திருப்பாமலே உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் உழைப்பு இரண்டு பாகமாம்.
முதல் பாகத்தில் தன் சோற்றுக்கு.
இரண்டாம் பாகத்தில் யாருக்கோ.
இரண்டுக்கும் ஒரே வேர்வை, ஒரே சத்தம்,
நடுவில் மணியடிப்பதில்லை, கோடும் கிடையாது.

தலைமயிரில் ஒட்டிய பஞ்சை எடுத்துக்கொண்டே
அம்மிணி கேட்டாள்:
"கோட்ட நாம போட்டா என்னுங்க?"

நூல் விலை கழித்து, கரண்ட் கழித்து,
கடையில் என்ன விலைக்குப் போகுமென்று தெரியாததால்
அதை மட்டும் உத்தேசமாக வைத்து
சுவரில் கரிக்கட்டியால் கணக்குப் போட்டோம்.
நாற்பது மீட்டரில்
பதிமூன்றாவது மீட்டரோடு அவள் நாள் முடிந்துவிட்டது.
அங்கே நீலச் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தாள்.

இன்னொரு கோடு எங்கே விழும் என்று
நாச்சிமுத்து சுவரைப் பார்த்தபடி நின்றார்.
"எனக்கும் அவிங்க கூலிதான குடுக்கறாங்க.
இந்தப் புஸ்தகத்துல நான் எந்தப் பக்கம்?"
"நூத்தி நாப்பத்தாறுங்க," என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.

வியாபாரியின் குடோனில் துணியை மடித்துப் பார்த்தவன்
நீலக்கோட்டைக் கறை என்று எழுதி
மூன்று மீட்டருக்குக் கூலி பிடித்தான்.

பங்குனியில் கூலி உயர்வு கேட்டுத்
தறிக்காரர்கள் தறியை நிறுத்தினார்கள்.
சாமியானா, உண்ணாவிரதம், கலெக்டர் ஆபீஸ்.
வெய்யிலில் ஷெட்டுக் கதவு பூட்டிக் கிடந்தது.
முப்பத்தொரு நாள் அம்மிணி
சோளக்காட்டில் தட்டு அறுத்தாள்.
நான் சூலூர்ப் பக்கம் சித்தாள் வேலைக்குப் போனேன்.

ஒருநாள் பந்தலுக்கு வந்து,
நாற்காலி வரிசைக்கு வெளியே நின்று கேட்டாள்:
"உங்களுக்கு ஒசந்தா எங்களுக்குங்க?"
"பாத்துக்கலாம் அம்மிணி."
"பாத்துக்கலாம்னா எத்தன பைசாங்க?"
மைக்கில் யாரோ ஒற்றுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.
நாச்சிமுத்து கைதட்ட மறந்து
அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மீட்டருக்கு முப்பது பைசா உயர்ந்தது.
அவர் ஏழு கொடுத்தார்.
கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை.
அன்றிலிருந்து புத்தகத்தைத் தானாக எடுப்பதில்லை;
நாங்கள் எடுத்துக் கொடுத்தால் படிப்பார்,
நூற்று நாற்பத்தாறை மட்டும் தாண்டி.

தறி ஓடிய முதல் நாளே
அம்மிணி மறுபடி அளந்தாள்.
கோடு ஒரு முழம் நகர்ந்திருந்தது.
சாக்பீஸை எடுத்தபோது
அவர் பின்னால் வந்து நின்றார்,
இந்த முறை சத்தம் போடவில்லை,
கெஞ்சுகிற மாதிரி இருந்தது:
"வெள்ளைல போடு அம்மிணி.
காடாத்துணில தெரியாது."

நாடா போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.
அவள் நீலத்தையே எடுத்தாள்.
"தெரியறதுக்குத்தானுங்க போடறது."