பதினேழாவது கேள்வி

ஜூன் மாதம், எலும்பு வரை குளிர்.
இந்த நடைபாதை உருகுவே,
எதிர் நடைபாதை பிரேசில்.
நடுவில் வேலி இல்லை, ஒரு மரவரிசை.
சோளம் அவிக்கிற அடெமிர்
வெயில் எந்த நாட்டில் விழுகிறதோ
அங்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறான்.

என் கழுத்தில் அடையாள அட்டை.
கையில் இருபத்திரண்டு கேள்விகள்.
கடைவாய்ப் பல்லில் ஒரு கிராம்பு.
பதினைந்து நாள் வேலை,
படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி,
ஒரு கட்டம் காலியாயிருந்தாலும்
அந்தப் படிவத்துக்குக் காசு கிடையாது.

வீட்டில் எத்தனை அறை, எத்தனை பேர்.
குளிருக்கு விறகா, மின்சாரமா.
பல் பிடுங்க எத்தனை நாள் காத்திருந்தீர்கள்
(இதைக் கேட்கும்போது நாக்கு தானாகக்
கிராம்பைத் தொட்டுவிட்டு வரும்).
பதினேழாவது கேள்விக்கு மட்டும்
எல்லோரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறார்கள்:
எந்த நாட்டில் வாழ்க்கை மேல்?
ஒன்றில் மட்டும் குறியிடுக.

கறிக்கடை வால்டெமார்
கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்,
"போன வாரமா, இந்த வாரமா?"
போன வாரம் அரிசிக்கும் எரிவாயுவுக்கும்
ஊரே அந்தப் பக்கம் போனது.
திங்கட்கிழமை பணத்தின் மதிப்பு புரண்டது,
செவ்வாய்க்கிழமை வரிசை
இந்தப் பக்கம் முகம் திருப்பிக்கொண்டது.

கிரிசெல்டா ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்.
ஓய்வூதியம் இங்கே, வாடகை அங்கே.
"மாதத்தில் முதல் பத்து நாள் உருகுவே,
மிச்ச நாள் பிரேசில்.
பத்தின் கீழ் முப்பது, சுருக்கி எழுதிக்கொள்."
சுருக்கி எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை.

மேட்டுத் தெருவில், தகரக் கூரை வீட்டில்,
நெல்சி தையல் மெஷினை நிறுத்தவில்லை.
இரண்டு பெண்கள்.
மூத்தவள் பிறந்த இரவு
இந்த ஊர் ஆம்புலன்ஸ் முதலில் வந்தது.
இளையவளுக்கு அந்த ஊர் ஆம்புலன்ஸ்.
அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை.
மூத்தவளுக்குப் பள்ளியில் கணினி கொடுத்தார்கள்.
இளையவளுக்கு இழுப்பு மருந்து இலவசம்.
இழுப்பு இருவருக்கும்.

கணினியைப் பங்கு போடுவது சுலபம்,
ஒருத்தி தூங்கும்போது இன்னொருத்தி.
மருந்து ஒரு பெயருக்கு ஒரு டப்பா.
ஒன்றுக்கு இரண்டு அழுத்து என்று எழுதியிருக்கும்,
நெல்சி ஒன்று, ஒன்று என்று பிரிக்கிறாள்.
குளிர் கூடினால் மூத்தவள்
"எனக்கு வேண்டாம்" என்று
பொய் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டாள்.
வயது ஒன்பது.

"இதற்கு எந்தக் கட்டம்?" என்றாள் நெல்சி.
மெஷின் அப்போதுதான் நின்றது.
உள்ளறையில் யாரோ மூச்சை இழுத்தார்கள்,
கதவின் கீல் போல.
எந்தப் பிள்ளை என்று தெரியவில்லை.

நானே ஒரு குறி போட்டிருக்கலாம்.
மேற்பார்வையாளர் ஒலிந்து
அப்படித்தான் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்:
"தயங்கினால் நீயே போட்டுவிடு, யார் பார்க்கிறார்கள்."

கணக்கும் என்னிடம் இருந்தது.
இந்தப் பக்க மருத்துவமனையில் பல் பிடுங்கக் காசில்லை,
தேதி மூன்று வாரம் கழித்து.
அந்தப் பக்கம் இன்றே பிடுங்குவார்கள்,
சுவரில் விலை எழுதியிருக்கிறது.
அந்த விலைக்கு இன்னும் ஒரே ஒரு படிவம்
குறைகிறது.

பேனாவை மூடினேன்.
நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம்,
பாதித் தெரு வரை போய்
இரண்டு தடவை நின்றேன்.
பை கனக்கவில்லை, காகிதம்தான்.
பதினேழில் வெள்ளையாக
ஒரு சதுரம்.

கீழே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.
கடைசி வெயில் அந்தப் பக்கம், வண்டியும்.
மரவரிசையைத் தாண்டிப் போய்
ஆவியில் கை காட்டிக் குளிர்காய்ந்தேன்.
அடெமிர் ஒரு கதிரை எடுத்து,
வெண்ணெய் தடவி, உப்புத் தூவி நீட்டினான்.
"வேண்டாம், பல் வலி" என்றேன்.

"எந்தப் பக்கம்?" என்றான்.