ஒரு வாட், ஒரு மீற்றர்

சுங்கத்தில் அதை விளக்கு என்று பதிந்தார்கள்.
நான் மறுக்கவில்லை.
கண்ணாடிக்குள் செம்மஞ்சளாய் எரிகிற வால்வுகள்,
பக்கத்துக்கு மூன்று வாட்.
குளியலறை பல்ப்பே ஐந்து.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில்
பாஹிம் நானா ஒரு பெட்டியைத் தட்டிக் காட்டினார்.
"இருநூறு வாட் தாங்கும் மிஸ். கலியாண வீட்டுக்கே காணும்."
தாங்குறதைக் கேக்கேல்லை நானா.
ஒரு வாட் குடுத்து, ஒரு மீற்றர் தள்ளி நிண்டால்
எவ்வளவு கேக்கும்?
ஸ்பீக்கரைக் கவிழ்த்தார்,
ஸ்டிக்கரின் அழுக்கை நகத்தால் சுரண்டினார்.
எண்பத்து நாலு.
பிறகு, கடைக்காரன் சொல்லக்கூடாததைச் சொல்கிற குரலில்:
"இது கல்லு மிஸ். உதைச்சாத்தான் அசையும்."

நூறாம் இலக்க பஸ்ஸில், டிக்கெட்டின் பின்பக்கம் கணக்கு.
மூன்று டெசிபெல் கூடினால் வலு இரட்டித்த மாதிரி.
எண்பத்து நாலு, எண்பத்தேழு, தொண்ணூறு,
தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்றாறு.
நாலு படி.
கொள்ளுப்பிட்டியில் ஆறாக இருந்தது
பம்பலப்பிட்டியில் நாற்பத்தெட்டானது,
அம்ப்ளிபயரில் ஒரு ஆணியைத் தொடாமல்.

புதுக்கடை நீதிமன்றத்தில் நான் மொழிபெயர்ப்பாளர்.
பதினோரு வருடமாக ஒரே முறைப்பாடு:
கேட்கவில்லை, சத்தமாக.
சாட்சி மெதுவாகத் தமிழில் சொன்னதை
மெதுவாகவே சிங்களத்தில் சொல்வேன்.
அதுவும் மொழிபெயர்ப்பில் சேர்த்தி என்று நினைத்திருந்தேன்.
போன வருடம் மைக் வைத்தார்கள்.

தை மாதம் நானா போன் எடுத்தார்.
தெமட்டகொடையில் ஒரு மண்டபம் உடைக்கிறாங்க, உடனே வாங்க.
பன்னிரண்டு அங்குலம், கடதாசிக் கூம்பு,
பின்னால் ரொட்டிக்கல் அளவு காந்தம்.
பென்சிலால் யாரோ 96 என்று எழுதியிருந்தது.
நம்பலாமா?
நானா குனிந்து, தேநீர் ஆற்றுவதுபோல் ஊதினார்.
கூம்பு அசைந்தது.
ஒரு கரப்பான் வெளியேறியது.

கொஞ்சத்துக்கே பேச வேண்டும், அடிக்குரலும் வேண்டும்,
பெட்டியும் சின்னதாக வேண்டும்:
மூன்றில் இரண்டைத்தான் தரும் பௌதிகம்.
எனவே அலுமாரி உயரத்தில் இரண்டு பெட்டிகள்.
லிப்டுக்குள் போகவில்லை.
சுரங்கவும் அவன் மச்சானும் படியால் தூக்கிவர
மூன்றாம் மாடி மிசிஸ் ஜோன்கிளாஸ் கதவைத் திறந்து
சிலுவை போட்டுக்கொண்டார்.
இரண்டாவது பெட்டி வந்தபோது
யார் யார் என்று கேட்டார்.

சாப்பாட்டு மேசையை விற்றேன்.

முதல் இரவு பாட்டுப் போடவில்லை. சுவிட்ச் மட்டும்.
ம்ம்ம்ம்.
கரண்டின் இரைச்சல்.
பழைய கல்லில் ஒரு நாளும் கேட்டதில்லை.
"சின்னச் சத்தம் கேக்கிற சாமான் கேட்டது நீங்கதானே மிஸ்,"
போனில் நானா கொட்டாவி விட்டார்,
"அது ஆள் பாத்துக் கேக்காது."
பதினொரு மணிக்கு ஒரு ஏர்த் வயரைக் கழற்றி
அரை அங்குலம் தள்ளி முறுக்கினேன். குறைந்தது.
இன்னும் கால் அங்குலம்.
அப்போது கடற்கரைப் பாதையால் அளுத்கமை ரயில் போனது,
ஒருமுறை ஜன்னலால்,
ஒருமுறை, வால்வு நடுங்கி, ஸ்பீக்கரால்.

பிறகுதான் இசைத்தட்டு.
பாடகி பாடத் தொடங்குமுன்
எச்சில் விழுங்கினாள்.
பத்து வருடமாக என்னிடம் இருக்கிற தட்டு.

கூண்டில் ஏறுகிற எல்லோரும்
முதல் சொல்லுக்கு முன் இதைத்தான் செய்கிறார்கள்.
பதிவேட்டில் ஒரு இடத்திலும் இல்லை.
நானும் சொன்னதில்லை,
அதற்குச் சிங்களம் தேவையில்லை என்பதால்
என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது நின்றபடி சாப்பிடுகிறேன்.
இடப்பக்கப் பெட்டியின் மேல் இடியப்பம், சின்னக் கோப்பையில் சொதி.
பேஸ் கிட்டார் இறங்குகிற இடங்களில்
மஞ்சள் மேல் வட்டங்கள்.
வொல்யூம் குமிழ் எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில்.
அதற்கு மேல் திருப்பத் துணிந்ததில்லை.