தேறாதது

டார்கல் பள்ளத்தாக்கில் இறங்கும்போதே
கணக்கை மனதில் ஓட்டிக்கொண்டு வந்தேன்.
நாற்பத்தாறாயிரம் ராண்ட்.
இரண்டு வருடம். வட்டி வேண்டாம்,
அசலாவது.

ரப்பர் பூட்ஸோடு வந்து கதவைத் திறந்தான் குவேஷன்.
பழைய பால்பண்ணைக் கொட்டகை.
மாடுகள் போய்ப் பதினைந்து வருடம்,
மாட்டு வாடை போகவில்லை.
"அதுவும் வேண்டும்" என்றான்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் மிஞ்சிய தமிழ் ஒரு கைப்பிடி.
சாமி பெயர்கள், சாப்பாட்டுப் பெயர்கள்,
அப்புறம் அப்பா வாயில் ஒரு சொல்:
தேறாது.
ஏலத்தில் எடுத்த டொயோட்டா,
ஜூலைக் குளிரில் நட்ட தக்காளி,
பார்மசிப் படிப்பைப் பாதியில் விட்ட மகன்,
எல்லாவற்றுக்கும் அதே தீர்ப்பு.

முதல் தடவை காடியாகிவிட்டதாம்.
இரண்டாம் தடவை கொட்டிய ஓடையோரம்
பக்கத்துப் பண்ணை வாத்துகள்
பகல் முழுக்க வட்டமாய் நடந்தனவாம்.
சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் நொக்வாசி.
தேன் அவளுடையது, தொழிலில் பாதிப் பங்கும்.
வாத்துகளோடு என் பணமும் நடப்பதைப் பார்த்தேன்.

மூன்றாம் தடவை ஈஸ்ட் வாங்கக் காசில்லை.
பார்லிச் சாற்றைக் காய்ச்சி
அகலப் பாத்திரத்தில், மூடாமல்,
பிளம் மரத்தடியில் ஓர் இரவு விட்டார்கள்.
யாரையும் அழைக்கவில்லை.
விடிவதற்குள் வந்தது வந்திருக்கிறது,
மரப்பட்டையிலிருந்தோ,
கொட்டகை உத்தரத்திலிருந்தோ,
தேனீயின் காலில் தொற்றியோ.
மூன்றாம் நாள் நுரை.
என் பிளாட்டில் இட்லி மாவுக்கும் இதுதான் நடக்கிறது.
ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

அதன்மேல் பதினெட்டுக் கிலோ தைல மரத் தேன்.
அப்புறம் எட்டு மாதம் பீப்பாய்.

கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினான்.
வைக்கோல் ஊறிய மழைத்தண்ணீர் நிறம்.
"கலங்கலாய் இருக்கே."
"தெளியாது அக்கா. தேறாத சரக்கு."
அப்பாவின் சொல்லை
அவன் இவ்வளவு லேசாய்த் தூக்குவான் என்று
எனக்குத் தெரியாது.

முதல் மிடறு
பல்லின் வேர்வரை புளிப்பு.
பின்னாலேயே குதிரை முதுகில் கிடந்த ஈரக் கம்பளி.
முகம் சுளித்தேன்.
அவன் பூட்ஸ் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.
இரண்டாவதில் எலுமிச்சைத் தோல்,
கொஞ்சம் மிளகு.
"தேன் எங்கே?"
"விழுங்கு" என்றாள் நொக்வாசி,
"விழுங்கிவிட்டு மூச்சை விடு."

விட்டேன்.
மூக்குக்குப் பின்னால் எங்கோ
ஒரு சரிவு முழுக்கத் தைல மரங்கள் பூத்தன.
நாக்கில் இனிப்பு ஒரு துளி இல்லை.
தின்ன முடிந்ததையெல்லாம் தின்றுவிட்டு
தின்ன முடியாததை விட்டுவைத்திருக்கிறது அது,
பூவை.

கடன் பேச்சை எடுத்தேன்.
எடுக்காமல் எப்படி? அதற்குத்தானே வந்தேன்.
மார்ச்சுக்குள் பாதி என்றான்.
நம்பினேனா, தெரியவில்லை.
பின்சீட்டுக்கடியில் ஆறு பாட்டில் வைத்துச் சொன்னான்:
"மெதுவாய்ப் போ. உள்ளே உயிர் இருக்கு."

மரியன்ஹில் சுங்கச்சாவடி.
காசை நீட்டுகிறேன், பின்னால் டப்பென்று ஒரு சத்தம்.
வாசனை எனக்கு முன்பே ஜன்னலைத் தாண்டியது.
கூண்டிலிருந்த பெண்
சில்லறையைக் கையிலேயே வைத்துக்கொண்டு
மூக்கை உயர்த்தினாள்.
"தேனா?"

ஆமாம் என்பதா,
தேனாக இருந்தது என்பதா.
பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான்.
தடுப்புக்கட்டை
எப்போதோ உயர்ந்துவிட்டிருந்தது.