ஒரே பானை

துக்கேரெஸ் மலையூர் மருத்துவமனையில்
எங்கள் இருவர் வயிற்றையும்
ஒரே காலையில் பார்த்தார்கள்.
முதலில் அவன், பிறகு நான்.
கறுப்புக் குழாய், முனையில் விளக்கு,
விழுங்கு விழுங்கு என்று தோளைத் தட்டிய செவிலி.
அரிசிமணியில் பாதியளவு சதை
ஐந்து இடத்தில் கிள்ளிக்
குப்பியில் போட்டுப் பெயர் ஒட்டினார்கள்:
லிபார்தோ குவாஸ்புட், ஐம்பத்து மூன்று.
நெமேசியா அங்குலோ, ஐம்பத்தொன்று.

மூன்று வாரத்தில் தாள் வந்தது.
இருவருக்கும் அதே கிருமி.
திருகாணி உடம்பு, நாலைந்து வால்,
அமிலத்தை நீந்திக் கடந்து
சளிப்படலத்துக்கு அடியில் குடித்தனம்.
என் தாளில் ஒரே வரி: லேசான அழற்சி.
அவன் தாளில் ஒரு பத்தி.
உள்தோல் மெலிந்துவிட்டதாம்.
தான் வயிறு என்பதையே மறந்து
அங்கங்கே குடலாகத் தொடங்கியிருக்கிறதாம்
அவன் வயிறு.

புற்று என்ற சொல்லை மருத்துவர் சொல்லவில்லை.
நாய் படுத்த வாசலைச் சுற்றிப்போவதுபோல்
அதைச் சுற்றி நடந்தாள்.

இருபத்தாறு வருடமாய் ஒரே பானை, ஒரே அகப்பை.
உப்புப் பார்க்க
என் வாயிலிருந்து அவன் வாய்க்குப் போன கரண்டி.
நான்தான் கொடுத்தேனா? என்று கேட்டேன்.
கேட்டபோது என் குரல்
துமாக்கோ கடற்கரைக் குரலாக மாறிவிட்டது,
மலைக்கு வந்த நாளில் மடித்துவைத்த குரல்.

இல்லை சென்யோரா, என்றாள் யோலிமா எராசோ.
இது பெரும்பாலும் சிறுவயதில் வருவது.
தாய் மென்று ஊட்டிய கவளத்தில்
வந்திருக்கலாம்.

பிறகு தாளைத் திருப்பிப்போட்டுக் கோடு இழுத்தாள்.
கிருமிக்கும் பூர்வீகம் உண்டாம்.
ஆப்பிரிக்காவிலிருந்து மனிதன் காலெடுத்து வைத்தபோது
அதுவும் கிளம்பியதாம், அவன் வயிற்றில் அமர்ந்து.
என் ஆட்களைக் கப்பலின் அடித்தட்டில் அடுக்கினார்கள்.
பெயரைப் பிடுங்கினார்கள், மொழியைப் பிடுங்கினார்கள்.
வயிற்றுக்குள் இருந்ததைப் பிடுங்க
அவர்களுக்குத் தெரியவில்லை.
அதுவும் எங்கள் ரத்தமும்
ஆயிரம் தலைமுறை சண்டை போட்டு
அலுத்துப்போய், இப்போது
முதுகோடு முதுகு திருப்பிப் படுத்துத் தூங்குகின்றன.

லிபார்தோவின் ஆட்கள்
பனியைக் கடந்து வேறு வழியாய் வந்தவர்கள்.
அவர்கள் கொண்டுவந்த கிருமி
வந்தேறிகளின் கிருமியிடம் தோற்றுவிட்டது.
இப்போது குடியிருப்பது
கடல் தாண்டி வந்த கலப்பு.
அதற்கு அவன் ரத்தத்தின் பாஷை புரியாது,
அவன் ரத்தத்துக்கு அதன் பாஷை புரியாது.
போதாததற்கு அவன் மரபணுவில்
ஓர் எழுத்து மாறிக் கிடக்கிறதாம்.
சின்னப் பொறிக்கும் ஊரையே கூட்டுகிற எழுத்து.
தீயணைக்க ஓடிவருகிறவர்கள்
ஆளுக்கொரு பந்தத்தோடு வருகிறார்கள்.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று
கிருமியை மட்டும் திட்டத்தான் நினைத்திருந்தேன்.
அதே கிருமி என் வீட்டில் சாது.

அவன் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தான்.
அவன் தாய் ரோசென்டா
நாற்பத்தேழில் போனவள்.
சூடாய்த் தின்றதால் என்றார்கள் ஊரில்.
நிலத்தைத் தம்பிக்கு எழுதினாள், என்றான்.
எனக்கும் ஏதோ விட்டுத்தான் போயிருக்கிறாள்.

யோலிமா சிரிக்கலாமா என்று என்னைப் பார்த்தாள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்.
இந்த விருந்தாளி போக
மருந்து பதினான்கு நாள், இருவருக்கும்.
வாயெல்லாம் நாணயத்தின் ருசி, நாக்கு கறுத்துவிட்டது.
என் மாத்திரையை விழுங்கும்போது மட்டும்
அடித்தட்டில் என் ஆட்களோடு வந்த ஒருவனைக்
கடலில் தள்ளுவதுபோல் இருந்தது.
இரண்டாம் மிடறு தண்ணீரில் அதுவும் இறங்கியது.

பன்னிரண்டாம் நாள் இரவு
அசுஃப்ராலின் கந்தக வாடை காற்றில் வந்தது.
உள்ளே இப்போது என்ன செய்துகொண்டிருக்கும்? என்றான்.
மூட்டை கட்டும், என்றேன்.
கறுத்த நாக்கு தெரியச் சிரித்தான்.

குடியிருந்தவன் போனபிறகு
சுவர் பழையபடி ஆகுமா என்று
அவன் கேட்கவில்லை.
பிப்ரவரியில் மறுபடி குழாய், மறுபடி குப்பி.
அடுப்பில் கிழங்கு வெந்துகொண்டிருந்தது.
உப்பைக் குறைத்துப் போட்டு
அகப்பையில் எடுத்து ஊதினேன்.
ருசி பார்க்க
அவன் வாயைத் திறந்தான்.