பற்றாக்குறைக்குக் காரணம்

அக்-பைத்தால் என்றால் வெள்ளைப் பெட்டைக்குதிரை.
அவள் முதுகைச் சீவிவிடுவது என் வேலை.
கிரேடரின் அலகு பனியைச் சுரண்டும்.
பனிக்கடியில் சரளை,
சரளைக்கடியில்
போன வருஷம் நான் போட்ட சரளை.

நாலாயிரத்து அறுநூற்று ஐம்பத்தைந்து மீட்டர்
என்கிறது பலகை.
கடைசி ஐந்தின் வாலைக் காற்று தின்றுவிட்டது.
கணவாய்க்குப் பேரிலேயே வாய் இருக்கிறது,
தின்னத்தான் செய்யும்:
பெயின்டை, லைட்டரின் தீயை,
பேசத் தொடங்கிய வாக்கியத்தின்

பின்பாதியை.

ஜூன் மாதத்தில் பனி விழுந்த அன்று
முர்காப் பக்கமிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்
யோரிஸ் என்றொரு ஹாலந்துக்காரன்.
அவன் ஊரே கடல் மட்டத்துக்குக் கீழேயாம்.
சொல்லிச் சிரித்தான், சிரிப்பு இருமலாயிற்று.
கைப்பேசியில் ஒரு பட்டியல் வைத்திருந்தான்:
பொலிவியாவில் எரிமலைமேல் ஏறும் கந்தகச் சாலை,
பெருவில் லாரிக்காரர்கள் கல் அடுக்கிக் கும்பிடும் கணவாய்,
திபெத்தில் சில,
லடாக்கில் முதலிடம் அடிக்கடி மாறுகிறதாம்.
"எங்களுடையது எத்தனையாவது?" என்றேன்.
விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.
வெகுநேரம் தள்ளினான்.

அந்தப் பக்கம், ஓஷிலிருந்து வந்த தவ்லத்மீரின் லாரி
பனிக்குப் பின்னால் முக்கிக்கொண்டிருந்தது.
வழி வெட்டிக் கொடுத்தேன்.
மாவு, வெங்காயம், ஒரு சலவை இயந்திரம்,
முர்காப் பள்ளிக்கூடத்துக்கு இருபது கால்பந்து.
"கேட்டாயா சத்திம்குல்," என்றான்,
"ஓஷில் அமுக்கினால் அமுங்கின.
இப்போது பார்."
பார்த்தேன். நிறைமாத வயிறுகள் இருபது.
தட்டினால் கல்.

எஞ்சின் சூடு ஆறும்வரை என்ன செய்வது?
வேலிக் காவலுக்கு வந்திருந்த பிர்தவ்ஸ்
துப்பாக்கியை லாரியின் இருக்கையில் படுக்கவைத்தான்.
பத்தொன்பது வயசு, பருத்தி விளையும் தாழ்நிலத்துப் பையன்.
பலகையின் ஒரு கால் ஒரு கோல்,
என் டீசல் டின்கள் இன்னொன்று.

இரண்டு பேருக்கு இரண்டு பேர்.
முதல் உதையில் பந்து போன தூரத்தை
நாங்கள் நால்வரும் நின்று வேடிக்கை பார்த்தோம்.
தடுக்கக் காற்று இல்லை.
துரத்த மூச்சு இல்லை.
இங்கே ஆள் பாதி, காற்று பாதி.
மூன்றாவது நிமிஷம் ஹாலந்து மண்டியிட்டது.
நாலாவதில் நானும்.
தவ்லத்மீர் படுத்தே கோல் காத்தான்.
பிர்தவ்ஸ் மட்டும் உதடு நீலம் பாரித்து
ஓடிக்கொண்டிருந்தான்,
அம்மா கூப்பிடாத சாயங்காலத்துப் பிள்ளை மாதிரி.

அவன் உதைத்ததுதான்.
டீசல் டின்னுக்கு மேலாகப் போயிற்று பந்து,
விளிம்பில் ஒரு கணம் நின்று யோசித்தது.
தெற்கே உருண்டிருந்தால் பள்ளிக்கூடம்.
வடக்கே உருண்டது.
ஓஷிலிருந்து எழுநூறு பீப்பாய் வளைவுகள் ஏறி
வந்த வழியே
குதித்துக் குதித்துத் திரும்பிப் போயிற்று.
யாரும் எழுந்திருக்கவில்லை.
எத்தனையாவது உயரம் என்பதை
அப்போதுதான் நெஞ்செலும்பால் எண்ணினேன்.

"நான் அந்தப் பக்கம்தான் போகிறேன்," என்றான் யோரிஸ்.
பெடலில் கால்வைக்கவே இல்லை அவன்,
இறக்கம் அவனை எடுத்துக்கொண்டது.

அப்புறம் தவ்லத்மீர் சரக்குச் சீட்டை நீட்டினான்.
இருபதை அடித்துப் பத்தொன்பது.
பக்கத்துக் கட்டத்தில்: பற்றாக்குறைக்குக் காரணம்.
"அரசாங்கச் சம்பளக்காரன் நீ, நீ எழுது."
பேனா உறைந்திருந்தது. வாயில் வைத்து ஊதினேன்.
திருட்டு என்றால் போலீஸ் வரும்.
விளையாட்டு என்றால் தலைமையாசிரியை வருவாள்,
அது இன்னும் மோசம்.
'கணவாய்' என்று எழுதினேன்.
கையெழுத்திட்டேன்.

அகஸ்டில் கராகுல் ஏரிக்கரையிலிருந்து
மச்சினி புருபூ போன் செய்தாள்.
உப்புத் தரையில் பையன்கள் புதுப் பந்து உதைக்கிறார்களாம்,
எங்கிருந்து வந்ததென்று ஒருவனும் சொல்லமாட்டேன் என்கிறானாம்.
"பந்து அமுங்குகிறதா?" என்று கேட்டேன்.
"இதென்ன கேள்வி?" என்றாள்.
சிக்னல் அதற்குள்

பலகைக்கு இன்று வெள்ளை பெயின்ட் வந்திருக்கிறது.
ஐந்துக்கு வால் வரைந்தேன்.
ஒன்றிரண்டு மீட்டர்
கூட்டிப் போட்டால்தான் என்ன என்று
தூரிகை கொஞ்சம் நின்றது.
போடவில்லை.