நான்காவது கட்டம்

நடுக்கோடை விழா.
தாம்பெரே நகரமே ஏரிக்கரைக் குடில்களுக்குப் போய்விட்டது.
பேருந்தில் நானும் ஓட்டுநரும்தான்.

அணுக்களுக்கு விழா தெரியாது.
ஒருநாள் கவனிக்காமல் விட்டால் போதும்,
நரம்பாகவோ தசையாகவோ
தம் இஷ்டத்துக்கு எதுவாகவோ ஆகிவிடும்.
எதுவும் ஆகிவிடாமல் வைத்திருக்கத்தான்
எனக்குச் சம்பளம்.

பழைய திரவத்தை உறிஞ்சி எடுக்கிறேன்.
புதியதைத் தட்டின் ஓரமாய் இறக்குகிறேன்,
உறங்கும் பிள்ளைமேல் போர்வை இழுப்பதுபோல் என்று
சொல்ல வருகிறது வாய்.
வேண்டாம்.
திரவம் ஊற்றுவதுபோல் ஊற்றுகிறேன்.

இந்த வரிசைக்குப் பெயரில்லை, எண் உண்டு.
பதினாறு ஆண்டுக்கு முன்
யாரோ இருவர் ஒப்பமிட்டுக் கொடுத்த
ஐந்து நாள் கரு.
ஒன்றாய் வந்தது
பெட்டி பெட்டியாய்ப் பெருகி உறைந்திருக்கிறது.
அதில் விளைந்த படலத்தை
எட்டுப் பேர் கண்ணுக்குள் வைத்தார்கள்.
ஒருவர் கதவு நிலையைப் பார்த்து அழுதாராம்.
இருவருக்கு வெளிச்சம் கொஞ்சம் கூடியதாம்.
ஐவருக்கு ஒன்றுமில்லை.
அதையும் சொல்லவேண்டும்.

எங்கள் மாடியில் கீழ்வீட்டு ஓய்வா
படகை விற்று வெளிநாடு போய் ஊசி போட்டுவந்தார்.
ரசீதில் குருத்தணு என்றிருந்தது.
ஊசிக்குள் என்ன இருந்ததோ.
படகும் போயிற்று, காலும் வரவில்லை.

வீட்டில் குளிர்பெட்டிக் கதவில்
காந்தத்துக்குக் கீழே ஒரு கடிதம் தொங்குகிறது.
எங்களுடையவை இரண்டு, உறைநிலையில்.
அதே நாளில் உருவான மூன்றாவதுக்கு
முன்பல் விழுந்துவிட்டது, சைக்கிள் கேட்கிறாள்.
இவற்றுக்கு இன்னும் ஐந்து நாள் வயது.

தொடர்ந்து காக்க.
அழிக்க.
பிள்ளையில்லாத வேறொரு வீட்டுக்குத் தர.
ஆய்வுக்குத் தர.
பொருந்தும் கட்டத்தில் குறியிடுக.

"நீயே போடு, உனக்குத்தான் தெரியும்" என்கிறான் ரைமோ.
தெரிந்ததுதானே தொல்லை.

வடக்கே மாமனார் ஏவெர்த்தி:
பதினொரு பிள்ளைகள்,
ஞாயிறுதோறும் பிரார்த்தனை வீட்டின் முதல் பெஞ்சு.
ரத்தப் புற்று வந்தபோது தங்கை செல்மாவின் மஜ்ஜை ஏற்றினார்கள்.
அவருக்குள் இன்று ஓடுவது அவள் ரத்தம்.
"அதுவும் குருத்தணுதானே" என்றேன் தொலைபேசியில்.
"செல்மாவைக் கேட்டார்கள்.
சரி என்று சொல்ல அவளுக்கு வாய் இருந்தது."

என்னிடம் பதில் இருந்தது:
வாய் மட்டுமா, நரம்பில்லை, வலியில்லை,
இரண்டாவது கட்டத்தில் குறி விழுந்தாலும்
அதைக் கேட்கப்போவதில்லை யாரும்.
மறுமுனையில் மூச்சு வாங்கியது அவருக்கு.
இந்த ஆண்டு கொசு அதிகம் என்று பேசி முடித்தோம்.

கூடத்தின் மறுகோடியில் இளையவர்கள்
முழங்கைத் தோலணுவைப் பிடித்து
வந்த வழியே திரும்பி நட என்கிறார்கள்.
நடக்கிறது,
பிறப்புக்கும் முந்திய இடம்வரை.
இனிக் கரு எதற்கு என்று கேட்கிறார்கள்.
சரியான இடத்துக்குத்தான் போயிற்றா என்று
ஒப்பிட்டுப் பார்க்க என் தட்டுக்கே வருகிறார்கள்.

எங்கள் மொழியில் இந்த அணுவின் பெயரில்
முதற்பாதிக்கு நிலைப்பாடு என்றும் பொருள் உண்டு.
கையில் நாற்பது தட்டு அணு.
நிலைப்பாடு ஒன்றுகூட இல்லை.

ஒருமுறை தணிக்கைக்காகக் கோப்பைத் திறந்தபோது
அந்த இருவரின் ஒப்புதல் தாள் நகலைப் பார்த்தேன்.
பெயர்மேல் கறுப்புப் பட்டை.
நான்காவது கட்டத்தில் குறி.
கீழே, பிற குறிப்புகள் என்ற இடத்தில்,
சாய்ந்த கையெழுத்தில் ஒரே வரி:
விடுமுறை நாட்களில் யார் பார்த்துக்கொள்வார்கள்?

இரவு பதினொன்று. வெயில் இறங்கவில்லை.
ஏரிக்கு அப்பால் சொக்கப்பனை எரிகிறது,
யாரோ சுருதி விலகிப் பாடுகிறார்கள்.
அடைகாக்கும் பெட்டியை மூடி
முப்பத்தேழு பாகை சரிபார்த்து
பதிவேட்டில் என் பெயரை எழுதினேன்.

வீடு திரும்பியதும் கடிதத்தை எடுத்துக்
குறி போட்டேன்.
பென்சிலால்.
நாளையும் விழாதான்,
ஆறரைக்குப் பேருந்து.