பிணவண்டி வரி

அஞ்சல்வழிப் பாடத்தில் நான்காம் கேள்வி:
மன்னனா, மன்றமா?
போரைத் தவிர்த்திருக்க முடியுமா? ஆராய்க.
இருபது மதிப்பெண்.

டண்டீயில் ஆகஸ்ட் மாதக் குளிர்.
விளக்கறை குமாஸ்தா நான்.
சுரங்கத்துக்குள் எத்தனை விளக்கு இறங்கிற்று,
எத்தனை ஏறிற்று என்று எண்ணிவிட்டு வந்து
மிச்ச ராத்திரியில் இங்கிலாந்தை எழுதினேன்.

கடல் இல்லாத ஊர்களிடமும்
கப்பலுக்குக் காசு கேட்டான் அந்த மன்னன்.
அலையே காணாத குடியானவன்
அவிழ்க்க மறுத்தான் முடிச்சை.
இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது.

எங்கள் தலைவர் வையாபுரி முதலி
போன தையில்தான் உத்தரவு போட்டார்:
மரண சகாய சங்கத்தில் தலைக்கு
மாதம் ஒரு ஷில்லிங், புதுப் பிணவண்டிக்கு.
கறுப்பு உடம்பு, வெள்ளிக் கைப்பிடி,
பின்கண்ணாடியில் தோகை விரித்த மயில்.
வண்டி நிற்பது டர்பனில்,
அவர் தம்பி வீட்டுக் கொட்டகையில்.
இருநூறு மைல் மேடேறி
எங்கள் பிணத்துக்கு அது வராது.
எங்களுக்கு நாலு தோள் போதும்.
தோள் நசுங்கிப்போனவனுக்கும்
அடுத்தவன் தோள்தான்.

'யாரைக் கேட்டுப் போட்டீங்க?' என்றார் லாசர்.
'யாரைக் கேக்கணும்?
சங்கம் எங்கப்பா வெச்சது.'

மறுநாள் தமிழ்ப் பள்ளிக்கூடக் கதவில்
பொதுக்குழு கலைக்கப்பட்டதென்று ஒரு தாள்.
என் கையெழுத்து. நான்தான் காரியதரிசி.
பசை காயும்வரை நின்று பார்த்தேன்.

ஆனாலும் கூடினார்கள்.
கூட்டம் முடிந்தது என்று எழுந்த உபதலைவரை
இரண்டு பேர் தோளைப் பிடித்து
நாற்காலியிலேயே அழுத்தினார்கள்.
'தீர்மானம் முடியட்டும், உக்காருங்கண்ணே.'
அவர் அழுதுவிட்டார்.
லண்டனிலும் ஒருவர் இப்படித்தான் அழுதாராம்.
அதைப் படித்தபோது சிரித்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார் முதலி,
சுரங்கக் காவலர் எட்டுப் பேரோடு.
ஐந்து பேரைப் பிடித்துப்போக வேண்டுமாம்.
ஐந்து நாற்காலி காலி.
ஐந்து தம்ளரில் தேநீர் இன்னும் ஆறவில்லை.
கரி ரயில் கிளம்பும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.
யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

'எங்கடா போனானுங்க?' என்றார் என்னிடம்.
குறிப்பேட்டைத் திறந்தேன்.
'இதில் எழுதினது மட்டுந்தான் எனக்குத் தெரியும்யா.
இதில் எழுதலை.'
மேசைக்குக் கீழே என் முழங்கால்
ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் பதிலில் எழுதக்கூடாது.
எழுதியது இது: வரி, வழிபாடு, வாக்கு மீறல்,
பதினோரு வருஷம் மன்றமே கூட்டாத பிடிவாதம்.
பிறகு போர். பிறகு கோடரி.
மன்றம் வென்றது என்கிறது பாடம்.

வென்ற மன்றத்தின் பேரன் ஒருவன்
கேப் டவுனில் உட்கார்ந்திருக்கிறான்.
எந்தத் தெருவில் எவன் குடியிருக்கலாம் என்று
போன மாதம்தான் சட்டம் போட்டான்.
அவனும் யாரையும் கேட்கவில்லை.
அங்கே கூச்சலிட எனக்கு நாற்காலி இல்லை,
அழுத்திப் பிடிக்க ஒரு தோளும் இல்லை.
இருநூற்றுப் பத்து விளக்கை எண்ணத் தெரிந்த எனக்கு
ஒரு வாக்குச்சீட்டு எப்படி மடியும் என்று தெரியாது.
நான் நின்று கத்திய ஒரே மன்றம்
பிணம் தூக்கப் பணம் சேர்க்கும் சங்கம்.

இதைக் கடைசிப் பத்தியில் எழுதிவிட்டேன்.
அடிக்க மனசு வரவில்லை. தபாலில் போட்டேன்.

மூன்று வாரத்தில் திரும்பி வந்தது.
இருபதுக்குப் பதினொன்று.
ஓரத்தில் சிவப்பு மையில்:
கேள்விக்குத் தொடர்பில்லாதவற்றைத் தவிர்க்கவும்.

லாசர் க்ளென்கோ பக்கம் இருப்பதாகச் சொல்கிறார்கள்.
முதலி புதுக் காரியதரிசி தேடுகிறார்.
வண்டிக்கு நான் ஏழு ஷில்லிங் பாக்கி.
கொடுப்பதாக இல்லை.